பாலும் டெட்ராசைக்ளினும்

மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்த முப்பத்தொரு வருடங்களில் நான் ஆஸ்பத்திரியில் படுத்தது ஒரே ஒரு தடவை. மொத்தம் பத்து நாள். ஏற்காட்டைச் சுற்றியிருந்த மலைக்கிராமங்களுக்குப் புதிதாகக் கம்பி இழுத்துக்கொண்டிருந்த எழுபதுகளின் கடைசி அது. கம்பத்திலிருந்து விழுந்தோ, ஷாக் அடித்தோ படுக்கவில்லை. காய்ச்சல்தான். ஆனால் அந்தக் காய்ச்சலைப் பற்றி இன்றுவரை என்னிடம் யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது.

செம்மநத்தத்துக்குப் போகும் லைனுக்காக இரண்டு வாரம் புதரில் திரிந்தோம். உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு வளர்ந்து கிடக்கும். அதை வெட்டி வழி உண்டாக்கி, குழி தோண்டி, போஸ்ட் நட வேண்டும். மதியம் சோற்றைத் தின்றுவிட்டு அந்தப் புல்லிலேயே அரைமணி நேரம் சாய்வோம். அந்த வேலை முடிந்து சில நாளில், ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் எனக்குக் குளிர் எடுத்தது. மலையில் குளிர் புதிதா? கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்தேன். விடிந்தபோது தலை பிளந்துவிடும் போல வலித்தது.

மறுநாள் நானே கடைத்தெருவுக்கு நடந்துபோய் மருந்துக்கடையில் சிவப்பும் கறுப்புமான கேப்சூல் கேட்டு வாங்கினேன். ஆம்பிசிலின். போன வருடம் தொண்டைப் புண்ணுக்கு டாக்டர் அதைத்தான் கொடுத்திருந்தார். இரண்டு நாளில் கேட்டது. அதனால் அது எனக்கு ஒத்துக்கொள்ளும் மருந்து என்று நானே முடிவு செய்துகொண்டேன். கடைக்காரரும் சீட்டு எங்கே என்று கேட்கவில்லை. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. அதை ஒரு நாளைக்கு நான்கு வேளை சாப்பிட வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் காய்ச்சல் கொஞ்சம் தணிந்த மாதிரி இருந்தது, நிறுத்திவிட்டேன். சாயங்காலம் மறுபடி ஏறியது, மறுபடி ஆரம்பித்தேன். கிடைத்ததெல்லாம் வயிற்றுப்போக்குதான்.

ஏழாம் நாள் என் மனைவி சரசா விளக்கைப் பக்கத்தில் கொண்டுவந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏனுங்க, கண்ணு ரெண்டும் மொளகாப்பழமாட்டஞ் செவந்து கெடக்குது. இனி ஊட்டுல வெச்சிருந்தா ஆகாதுங்க" என்றாள்.

பிள்ளைகள் இருவரையும் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, என்னை ஒரு எஸ்டேட் ஜீப்பில் ஏற்றி மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கே வரிசையில் உட்கார்ந்திருந்தது எனக்குப் பாதிதான் நினைவிருக்கிறது. மர பெஞ்சு, டெட்டால் வாசனை, யாரோ ஒரு அம்மா தன் குழந்தைக்குப் பிடித்த விசிறியை அப்படியே என் பக்கம் திருப்பிக் கொஞ்ச நேரம் விசிறியது.

ஆஸ்பத்திரியில் எல்லோரும் பெரிய டாக்டர் என்று கூப்பிடுபவர் என்னைப் பார்த்தார். அறுபது வயதிருக்கும். வயிற்றை அமுக்கினார், நாக்கைப் பார்த்தார், டைபாய்டாக இருக்கலாம், மலேரியாவாகவும் இருக்கலாம் என்றார். விரல் நுனியில் குத்தி ஒரு கண்ணாடித் துண்டில் ரத்தம் எடுத்தார்கள். அது மலேரியாவுக்கு. கையிலிருந்து ஒரு குழாய் ரத்தம் எடுத்தார்கள். அது டைபாய்டுக்கு. மலேரியா இல்லை என்று அன்றிரவே தெரிந்தது, டைபாய்டு முடிவுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலை நாகலூர்க்காரரான ரெஜினா சிஸ்டர் ஈரத்துணியால் என் உடம்பைத் துடைத்துவிட்டார். இடுப்பில், பின்பக்கமாக, கம்பத்தில் ஏறும்போது தோல் பெல்ட் உட்காரும் இடத்தில் அவர் கை நின்றது.

"இது என்னங்க அண்ணா, சிகரெட்டுல சுட்டாப்பல?"

"பெல்ட் ஒராசுனதுங்க சிஸ்டர்" என்று சரசாதான் பதில் சொன்னாள். "பத்து நாளா இருக்குது. வலிக்கலீன்னாருங்க, நானும் உட்டுப்போட்டேன்."

சிஸ்டர் துணியை வைத்துவிட்டு நேராகப் பெரிய டாக்டரை அழைத்துவரப் போனார். அவர் ஒரு பூதக்கண்ணாடியோடு வந்து குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு கட்டிலின் ஓரத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

"எங்கே வேலை செஞ்சே?"

செம்மநத்தம் புதரைச் சொன்னேன்.

"சின்ன வயசில் பட்டாளத்தில் டாக்டரா பர்மா எல்லையில் இருந்தேன். குண்டு பட்டவங்களைவிட இந்தக் கறுப்புப் பொருக்கோட வந்தவங்கதான் எங்களுக்கு அதிகம். இது உண்ணிக் காய்ச்சல்."

உண்ணிச்செடியால் வந்ததா என்று கேட்டேன். சிரித்தார். "செடி ஒண்ணும் பண்ணலை. அந்தப் புதரடியில், புல் நுனியில், கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சிக் குஞ்சு இருக்கும். ஆள் உக்காந்தா ஏறி, துணி இறுக்கமா இருக்கிற இடமாப் பார்த்துக் கடிக்கும். கடிச்சது தெரியாது, வலிக்காது. கிருமி உள்ளே போயிடும். கடிச்ச இடம் இப்படிக் கறுத்துப் பொருக்குத் தட்டும்."

நான் சாப்பிட்ட ஆம்பிசிலினைப் பற்றிச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. பாடம் நடத்துகிறவர் போல நிதானமாகச் சொன்னார். "அது நல்ல மருந்துதான். தொண்டைக்குக் கேட்கும், மூத்திரக் கடுப்புக்குக் கேட்கும். கிருமியோட சுவரை உடைச்சுக் கொல்ற மருந்து அது. இந்தக் கிருமிக்கு உடைக்கிற மாதிரி சுவரே கிடையாது. நம்ம உடம்பின் அணுவுக்குள்ளேயே போய் உக்காந்துக்கும். அங்கே போய் அதைப் பெருக விடாம நிறுத்தறது டெட்ராசைக்ளின். இருநூத்தம்பது மில்லிகிராம் கேப்சூல், ஒரு வேளைக்கு ரெண்டு. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஏழு நாள். ரெண்டு நாள்ல காய்ச்சல் இறங்கிடும்."

அவர் அதைச் சொன்ன விதத்தில் எனக்குப் பாதி குணமாகிவிட்டது. ரத்தத்தை இன்னொரு குழாயில் எடுத்துச் சேலத்துக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர எத்தனை நாளாகும் என்று தெரியாது, அதுவரை காத்திருக்க முடியாது என்று அன்று மத்தியானமே மஞ்சள் நிறக் கேப்சூலைத் தொடங்கிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம்தான் காளியப்பன் வந்தார். சரசாவின் அண்ணன். வாழவந்தியில் காப்பியும் ஆரஞ்சும் கொஞ்சம் ராகியும் வைத்திருக்கும் விவசாயி. அவர் எங்களோடு பேசி மூன்று வருடம் ஆகியிருந்தது. வாழவந்திக்கு லைன் போனபோது அவர் தோட்டத்துப் பலா மரம் கம்பிக்கு நேர் கீழே வந்துவிட்டது. அவர் அப்பா வைத்த மரம். ஒரு போஸ்டைத் தள்ளி நட்டால் மரம் தப்பும், இன்ஜினீயரிடம் கேட்டுப் பாருங்கள் மாப்பிள்ளை என்றார். கேட்கிறேன் என்றேன். மரம் வெட்டுப்பட்டது. அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டுப் படியேறவில்லை. சரசா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, ஆனால் வாழவந்தி பஸ்ஸைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

கையில் தூக்குப்போசியோடு வந்து கட்டிலருகில் நின்றார். என்னிடம் ஒன்றும் பேசவில்லை. தங்கையிடம்தான் கேட்டார்.

"என்ன மருந்து குடுக்கறாங்க சாமி?"

சரசா கேப்சூலைக் காட்டினாள்.

"இதெல்லாம் நொம்பச் சூடு. வெறும் வயித்துல போட்டா கொடலை அறுத்துப்போடும். நம்ம மாட்டுப்பாலு, கறந்த கையோட கொண்டாந்திருக்கறேன். மாத்திரையை இதுலயே முழுங்கச் சொல்லு."

சரசாவின் கண் நிறைந்துவிட்டது. நான் அந்தப் பாலில் கேப்சூலை விழுங்கினேன். மூன்று வருடம் பேசாத மனிதர் கொண்டுவந்த பால். அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன கிறுக்கா?

அதன்பிறகு தினம் காலை, சாயங்காலம் இரண்டு பஸ்ஸிலும் பால் வந்தது. வேளைக்கு ஒரு டம்ளர். கேப்சூல் என் நெஞ்சையும் வயிற்றையும் எரித்தது உண்மைதான். அதற்குச் சரசா, வயிற்றெரிச்சலுக்கென்று வீட்டில் வைத்திருந்த வெள்ளைத் திரவ மருந்தைப் பாட்டிலோடு கொண்டுவந்து கேப்சூல் போட்ட கையோடு இரண்டு ஸ்பூன் கொடுத்தாள். நாற்பது படுக்கைக்கு இரண்டு சிஸ்டர்கள். மருந்தைப் பொட்டலத்தில் வைத்துவிட்டுப் போவார்கள், பக்கத்தில் இருப்பவர்கள்தான் கொடுக்க வேண்டும்.

இரண்டு நாள் ஆயிற்று. காய்ச்சல் இறங்கவில்லை. மூன்றாம் நாள் நூற்றிமூன்றில் நின்றது. இருமல் வந்தது. காது அடைத்துக்கொண்டது. சரசா பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்டது. நான் கம்பத்தின் உச்சியில் இருப்பதாகவும் கீழே யாரோ கரண்டை விட்டுவிட்டதாகவும் புலம்பினேனாம். பெரிய டாக்டர் காலையில் வந்து என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். வழக்கம்போல அமைதியாக, "பார்க்கலாம்" என்றார். ஆனால் வராந்தாவில் சரசாவிடம், சாயங்காலம் வரை பார்ப்போம், இல்லையென்றால் சேலத்துக்கு அனுப்ப ஜீப் சொல்லி வையுங்கள் என்றிருக்கிறார். அவள் அதை என்னிடம் சொல்லவில்லை. என் கால்மாட்டில் உட்கார்ந்து என் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அவ்வளவு நேரம் அவள் என் காலைத் தொட்டுக்கொண்டிருந்ததிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ரெஜினா சிஸ்டர் ஊசி போட வந்தார். கேப்சூல் அப்போதுதான் உள்ளே போயிருந்தது. என் மீசையைப் பார்த்தார்.

"என்னங்க அண்ணா, மீசையில பாலு?"

"மச்சான் கொண்டாந்ததுங்க."

"மாத்திரைய எதுல முழுங்குனீங்க?"

"பால்லதானுங்க. மொதல் நாளு புடிச்சுப் பால்லதான்."

சிஸ்டர் கட்டிலுக்கு அடியில் இருந்த வெள்ளை மருந்துப் பாட்டிலையும் எடுத்துப் பார்த்தார். அதை இடுப்பில் அணைத்துக்கொண்டு வேகமாகப் போனார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

பெரிய டாக்டர் வந்து நின்றார். கோபமில்லை. தலையைக் கையால் தடவிக்கொண்டார். "தப்பு என்னோடது. சொல்லியிருக்கணும்" என்றார். பாலில் இருக்கும் சுண்ணாம்புச்சத்தும், அந்த வெள்ளை மருந்தில் இருக்கும் சரக்கும் டெட்ராசைக்ளினைப் பிடித்துக் கட்டிக்கொள்ளுமாம். கட்டிப்போட்ட மருந்தில் பெரும்பகுதி ரத்தத்தில் சேராமல் மலத்தோடு போய்விடும். அயச்சத்து டானிக்கும் அப்படித்தான். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால், இல்லாவிட்டால் இரண்டு மணி நேரம் பின்னால், ஒரு டம்ளர் முழுக்கத் தண்ணீரில், நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்க வேண்டும். படுத்துக்கொண்டு ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கினால் கேப்சூல் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே புண்ணாக்கும். எனக்கு நெஞ்சு எரிந்ததும் படுத்தபடியே விழுங்கியதால்தான்.

"இப்போ ஆரம்பிச்சு ஏழு நாள். புதுசா எண்ணுங்க" என்றார். "ஜீப் வேண்டாம், நாளைக்கு மறுநாள் வரை எனக்குக் கொடுங்க" என்று சரசாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

காளியப்பன் கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கையில் தூக்குப்போசி.

"என்ற பாலுதானா?" என்றார்.

"நான் குடுத்த மருந்துந்தான் அண்ணா" என்றாள் சரசா. "நீ ஒருத்தன் மட்டுமில்ல."

அவர் போசியை மூடினார். துண்டை எடுத்துத் தோளில் போட்டார். சன்னல் வழியாக அவர் பஸ் நிற்கும் இடத்துக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று எனக்கிருந்த பயம் சாவைப் பற்றியது அல்ல. இனி இந்த மனிதர் வரமாட்டார், சரசா மறுபடி பஸ்ஸைப் பார்த்து முகத்தைத் திருப்பப்போகிறாள் என்பதுதான்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். பால் இல்லை. ஒரு பையில் தன் வீட்டு டைம்பீஸைத் துணி சுற்றி எடுத்து வந்திருந்தார். அதைச் சன்னல் திட்டில் வைத்துச் சாவி கொடுத்தார்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டோணுமில்லீங்களா, அதான் நேத்தே போயிட்டேன்" என்றார். மூன்று வருடத்துக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. "ஆறு, பன்னெண்டு, ஆறு, பன்னெண்டு. நடுவுல எப்பச் சோறு, எப்பத் தண்ணின்னு சிஸ்டர்கிட்டக் கேட்டு மனசுல வெச்சுக்கிட்டனுங்க. நீங்க கண்ணை மூடிப் படுங்க மாப்பிள்ள. நாம் பாத்துக்கறேன்."

அப்படியே பார்த்துக்கொண்டார். மணி அடிக்கும், என்னைத் தூக்கி உட்கார வைப்பார், டம்ளரின் அடி தெரியும் வரை விடமாட்டார், விழுங்கிய பின்னும் அரைமணி நேரம் படுக்க விடமாட்டார். பாலை வாயால் உச்சரிக்கக்கூட இல்லை. சரியான முறையில் சாப்பிடத் தொடங்கிய இரண்டாம் நாள், இரவு விடியும் நேரத்தில், எனக்கு வேர்த்துக் கொட்டியது. பாய், தலையணை எல்லாம் நனைந்தது. சிஸ்டர் தெர்மாமீட்டரை வெளிச்சத்தில் இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு உதறினார்.

"தொண்ணூத்தெட்டரைங்க."

எனக்குப் பசித்தது. ரசம் சாதம் வேண்டும் என்றேன். சரசா சிரித்துக்கொண்டே அழுதாள்.

அதற்குப் பிந்திய நாட்கள் என் வாழ்க்கையின் நல்ல நாட்கள் என்றே சொல்வேன். வேலை இல்லை, வலி இல்லை. சன்னலுக்கு வெளியே பனி வரும், போகும். புதுக் கணக்கில் நான்காம் நாள் நாக்கெல்லாம் வெள்ளையாகப் படிந்து எரிந்தது. உடம்பில் இருக்கும் நல்ல கிருமிகளையும் இந்த மருந்து அடக்கிவிடும், அந்த இடைவெளியில் காளான் மாதிரி ஒன்று வளரும், பயப்பட வேண்டாம் என்று சொல்லி ரெஜினா சிஸ்டர் ஊதா மருந்தைப் பஞ்சில் தொட்டு என் நாக்கு முழுக்கப் பூசினார். என்னைப் பார்க்க வந்த லைன் ஆட்கள் நான் வாயைத் திறந்ததும் இரண்டடி பின்வாங்கினார்கள்.

பக்கத்துப் படுக்கையில் காலில் வெட்டுக்காயத்தோடு இருந்த எஸ்டேட் ஆள் ஒருவர், என் கேப்சூலில் நான்கு கொடுங்கள், வீட்டில் அஞ்சு வயதுப் பெண்ணுக்கு இருமல் என்றார். எனக்கோ உடம்பு நன்றாகிவிட்டது, கொடுத்தால் என்ன என்று தோன்றியது. காளியப்பன் பொட்டலத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"பொழுதுக்கும் சிஸ்டர் சொன்னதக் கேட்டுக்கிட்டுத்தானுங்க இருக்கறேன். எட்டு வயசுக்குள்ள புள்ளைங்களுக்கு இதைக் குடுத்தா மொளைக்கிற பல்லு பழுப்பாப் போயிருமாம், அப்புறம் வெளுக்கவே வெளுக்காதாம். மாசமா இருக்கற பொம்பளைங்களுக்கும் ஆகாது. புள்ளையக் கூட்டியாந்து டாக்டர்கிட்டக் காட்டுங்க. மாப்பிள்ளைக்கும் ஒண்ணு கொறைஞ்சா காய்ச்சல் திரும்பி வந்துருமாம்."

அன்று மத்தியானம் அவரும் நானும் மட்டும் இருந்தோம். எனக்கு மனதில் கிடந்ததைச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது.

"மச்சான், அன்னிக்குப் போஸ்டைத் தள்ளி நடறதுக்கு இன்ஜினீயர்கிட்டக் கேக்கறேன்னு சொன்னனுங்க. கேக்கலீங்க. பயந்துக்கிட்டேன்."

அவர் டைம்பீஸுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"தெரியுமுங்க. லைனுக்கு வழி அளந்து கல்லு நட்ட மேஸ்திரி, நீங்க கேக்கவே இல்லீன்னு அந்த வாரமே சொல்லிப்போட்டாரு. மரம் போனதுக்கா மூணு வருசம் பேசாம இருந்தேன்? நீங்க வந்து, கேக்கலீங்க மச்சான்னு சொல்லுவீங்கன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்." சாவியைக் கழற்றிப் பையில் போட்டார். "இப்பச் சொல்லிட்டீங்க. எந்திரிங்க, மணி பன்னெண்டாகுது."

பத்தாம் நாள் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். மிஷன் ஆஸ்பத்திரி என்பதால் பில் என் சம்பளத்துக்குள் அடங்கியது. மீதி இரண்டு நாளைக்கான கேப்சூலைக் கொடுத்து, ஒரு வாரம் வெயிலில் நிற்கக் கூடாது, இந்த மருந்து தோலை வெயில் தாங்காமல் செய்துவிடும் என்றார் சிஸ்டர். ஏற்காட்டில் என்ன பெரிய வெயில் என்று நான் மறுநாளே வாசலில் விறகு பிளந்தேன். மூக்கும் கழுத்தும் வெந்து, தோல் உரிந்தது. சரசா ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. எண்ணெய் மட்டும் தடவிவிட்டாள்.

மூன்று வாரம் கழித்துப் பெரிய டாக்டர் ஆள் அனுப்பி என்னை வரச் சொன்னார். சரசாவும் கூட வந்தாள், வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே மேசையில் சேலத்திலிருந்து வந்த காகிதம் இருந்தது. அதை என் பக்கம் திருப்பி வைத்தார். எனக்கு அந்த எண்கள் புரியவில்லை.

"உண்ணிக் காய்ச்சல்தான். உறுதியாயிடுச்சு" என்றார். பரீட்சையில் தேறிய பையன் முகம் போல இருந்தது அவர் முகம். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி மெதுவாகச் சொன்னார். "தங்கராசு, பர்மாவுக்கு அப்புறம் முப்பது வருஷத்துக்கு மேலே நான் இதைக் கண்ணால் பார்க்கலை. மூணாம் நாள் உனக்குக் காய்ச்சல் இறங்காதப்போ, என் கண்ணை நானே நம்பலை. அது வெறும் பெல்ட் காயம்தானோ, டைபாய்டை விட்டுட்டேனோன்னு பயம். குளோராம்பெனிகாலுக்கு மாத்தலாமான்னு யோசிச்சேன். அது ரெண்டுக்கும் கேட்கும். ஆனா எப்போவாவது ஒருத்தருக்கு எலும்புக்குள்ளே ரத்தம் ஊறறதையே நிறுத்திடும். மாத்தவும் பயம், மாத்தாம இருக்கவும் பயம். அந்த மூணு ராத்திரியும் எனக்குத் தூக்கமில்லை."

 அந்த நாட்களில் நான் நம்பியிருந்தது அவருடைய அமைதியை மட்டும்தான்.

"நீங்க ஒண்ணும் காட்டிக்கலீங்களே" என்றேன்.

"காட்டியிருந்தா நீ அந்தக் கேப்சூலை விழுங்கியிருப்பியா?"

விழுங்கியிருக்க மாட்டேன். உண்மையைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். காகிதத்தை மடித்துத் தன் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். எனக்குத் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அது என்னைவிட அவருக்குத்தான் தேவைப்பட்டது.

வெளியே வந்ததும் சரசா எழுந்து நின்றாள்.

"என்னங்க சொன்னாரு?"

"நல்லா இருக்கறேனாம்."

"இதுக்கா ஆளுட்டுக் கூப்புட்டாரு?"

"இதுக்குத்தான்" என்றேன்.

பெரிய டாக்டர் காலமாகிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. அன்று அந்த அறையில் அவர் சொன்னதை இத்தனை காலமும் நான் சரசாவிடம்கூடச் சொன்னதில்லை. நேற்று இதை எழுதி அவளிடம் படித்துக் காட்டினேன். கடைசிப் பக்கம் முடிந்ததும் தாள்களை என் கையிலிருந்து வாங்கி அடுக்கினாள்.

"பாவமுங்க அந்த மனுசன்" என்றாள். "அன்னிக்குச் சொல்லியிருந்தீங்கன்னா, உள்ள போயி ஒரு கும்புடு போட்டுட்டு வந்திருப்பேன்."